சறுக்கத் தெரியாதவர்களின் ஆல்ப்ஸ்



ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் என்னோடு பயின்ற தோழி ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். குடும்பத்தோடு குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்து சென்று வரத் திட்டமிட்டிருக்கிறாராம். ஆனால் ஒரு தயக்கம். "எங்களில் ஒருவருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. மாமியாருக்கோ முழங்கால் வலி. மற்றவர்கள் எல்லாரும் சறுக்கிக்கொண்டிருக்கும்போது நாங்கள் அந்த மலையில் என்ன செய்வது?" என்று கேட்டார்.

"நடக்கலாம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நடப்பதற்கு இவ்வளவு பணம் செலவழித்து அவ்வளவு தொலைவு போக வேண்டுமா, வீட்டுப் பக்கத்துப் பூங்காவே போதாதா என்பது அவருடைய வாதம். அன்று அவருக்கு நான் அரைகுறையாகச் சொன்ன விடையைத்தான் இங்கே சற்று விரிவாக எழுத முனைகிறேன். ஆல்ப்ஸ் மலையில் சறுக்கியவர்களின் வரலாறு குறுகியது. அங்குக் குளிர்காலத்தில் நடந்தவர்களின் வரலாறோ மிக நீண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதத்தில் டாவோஸ் நகரில் நான்கு நாள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கேமரன் மலைக் குளிருக்கே இரண்டு சட்டை அணிபவள் நான். முதல் நாள் காலை தங்கும் விடுதியின் வாசலைத் தாண்டவே அஞ்சினேன். விடுதிப் பணியாளர் காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் சிறிய இரும்புப் பற்களைக் கொடுத்து, "இளஞ்சிவப்புப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள், வழி தவறாது" என்று கூறினார். சுவிட்சர்லாந்தில் கோடைக்கால நடைபாதைகளுக்கு மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகள். குளிர்கால நடைபாதைகளுக்கு இளஞ்சிவப்பு. பாதையில் விழுந்த பனியை இயந்திரங்கள் அழுத்திச் சமன் செய்துவிடுகின்றன. புதைமணலில் கால் வைப்பதைப்போல இருக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு அது நன்கு காய்ந்த மண்சாலையைப்போல உறுதியாக இருந்தது பெரும் வியப்பு. அடி வைக்குந்தோறும் கற்கண்டை மெல்வது போன்ற ஓசை. எதிரே வந்தவர்களில் பெரும்பாலோர் என்னைவிட மூத்தவர்கள். கையில் ஊன்றுகோல், முகத்தில் வெயிலுக்கான களிம்பு. ஆம், வெயில்தான்! நிழலில் உறைய வைக்கும் குளிர். வெயிலுக்கு வந்தால் குளிராடையைக் கழற்றத் தோன்றுகிறது.

ஊர் திரும்பியதும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அந்தப் படங்களைக் காட்டி, குளிர்காலச் சுற்றுலா எப்படித் தோன்றியது என்று ஒரு கதை கூறினேன். ஆல்ப்ஸ் பற்றிய நூல்களில் தவறாமல் இடம்பெறும் கதை அது. 1864ஆம் ஆண்டு இலையுதிர்காலம். செயின்ட் மோரிட்ஸ் என்னும் மலையூரில் விடுதி நடத்தி வந்த யோகான்னஸ் பாத்ருட் என்பவர், கோடை முடிந்து ஊர் திரும்பவிருந்த ஆங்கிலேய விருந்தினர் நால்வரிடம் பந்தயம் கட்டுகிறார். "எங்கள் ஊர்க் குளிர்கால வெயிலில் மேலங்கி இல்லாமலேயே நடக்கலாம். கிறிஸ்துமசுக்கு வந்து பாருங்கள். நான் சொன்னது பொய்யானால் உங்கள் பயணச் செலவு என்னுடையது; மெய்யானால் விரும்பும்வரை என் விருந்தினராக இலவசமாகத் தங்கலாம்" என்கிறார். அவர்கள் வந்தார்கள்; ஈஸ்டர் வரை தங்கி, வெயிலில் கறுத்த முகத்தோடு ஊர் திரும்பினார்கள். அன்று பிறந்தது ஆல்ப்ஸ் மலையின் குளிர்கால விடுமுறை என்று முடித்தேன்.

வகுப்பு மகிழ்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி மட்டும் கையை உயர்த்தி, "டீச்சர், அந்தப் பந்தயத்த அப்பவே யாராச்சும் எழுதி வச்சாங்களா?" என்று கேட்டாள்.

நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு அன்றிரவு தேடத் தொடங்கினேன். ஒரு நூல் மற்றொரு நூலைப் பார்த்துச் சொல்கிறது; அது வேறொன்றைப் பார்த்துச் சொல்கிறது. பந்தயம் நடந்த காலத்து எழுத்துச் சான்று எதுவும் என் கண்ணில் படவில்லை. சுவிட்சர்லாந்திலேயே இதனைச் செவிவழிக் கதையாகக் கருதுவோர் பலர். பாத்ருட் மெய்யான மனிதர். அவருடைய கூல்ம் விடுதி மெய். 1878இல் பாரிஸ் கண்காட்சியைக் கண்டு வந்து தம் விடுதியில் மின்விளக்கு ஏற்றிய முன்னோடி அவர் என்பதும் மெய். பந்தயம் மட்டும் கதையாக இருக்கக்கூடும். மறுநாள் வகுப்பில், "நேற்று நான் வரலாறு என்று கூறியது கதையாகவும் இருக்கலாம்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. இருபது ஆண்டுக் கற்பித்தல் அனுபவம் இருந்தும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நா எழவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்படியானால் சான்றுள்ள தொடக்கம் எது? அதற்கு டாவோஸ் நகருக்கே திரும்ப வேண்டும்.

அலெக்சாண்டர் ஸ்பெங்லர் என்னும் செர்மானிய இளைஞர் 1848-49 ஆண்டுகளின் புரட்சியில் ஈடுபட்டுத் தாய்நாட்டை விட்டு ஓடி வந்தவர். சூரிக்கில் மருத்துவம் பயின்று, 1853இல் டாவோஸ் பள்ளத்தாக்கின் மருத்துவரானார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள ஏழை உழவர்களின் ஊர் அது. அங்குள்ளவர்களிடையே காசநோய் அரிதாக இருப்பதை அவர் கவனித்தார். அந்நாளில் ஐரோப்பாவின் நகரங்களை அரித்துத் தின்றுகொண்டிருந்த நோய் அது. நம் முன்னோர் எலும்புருக்கி என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்! மலைக்காற்று நோயைத் தீர்க்கும் என்று ஸ்பெங்லர் நம்பினார்.

1865 பிப்ரவரி 8ஆம் நாள், குதிரை இழுக்கும் சறுக்குவண்டியில் இரண்டு நோயாளிகள் அவ்வூரில் வந்து இறங்கினர். ஒருவர் பிரீட்ரிக் உங்கர் என்னும் மருத்துவர். மற்றவர் ஹூகோ ரிக்டர். காசநோயாளிகளை இதமான வெப்பமுள்ள கடற்கரைகளுக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்த காலத்தில், நடுங்கும் குளிரில் மலையுச்சிக்கு வருவது பைத்தியக்காரத்தனமாகவே பார்க்கப்பட்டிருக்கும். ஆனால் இருவரும் தேறினர். டாவோசிலேயே தங்கியும் விட்டனர். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தனர். விடுதிகள் எழுந்தன. வில்லெம் யான் ஹோல்ஸ்போர் என்னும் டச்சுக்காரர் தம் நோயுற்ற மனைவியோடு வந்தவர். மனைவியை இழந்த பின்னும் அவ்வூரை விட்டுப் போகாமல் ஸ்பெங்லருடன் சேர்ந்து மருத்துவ விடுதியை நிறுவினார். 1890இல் டாவோஸ் வரை தொடர்வண்டி வந்ததும் அவருடைய முயற்சியால்தான்.

அந்த நோயாளிகளுக்குத் தரப்பட்ட மருத்துவம் என்ன தெரியுமா? பால், திராட்சை மது, குளிர்நீர்க் குளியல், நடை! ஒவ்வொரு நாளும் இவ்வளவு தொலைவு, இவ்வளவு ஏற்றம் என்று மருத்துவர் அளந்து கொடுப்பார். பிற்காலத்தில் மருத்துவக் கொள்கை மாறியது. 1889இல் கார்ல் டூர்பான் டாவோசில் திறந்த சானடோரியத்தில் கடுமையான ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. நோயாளி வெயில் படும் மாடத்தில் கம்பளிப் போர்வைக்குள் மணிக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், நடைக்கும் கட்டுப்பாடு. தாமசு மான் 1924இல் வெளியிட்ட 'மாயமலை' நாவலில் வருவது இந்தப் படுக்கை உலகம்தான். 1912இல் டாவோசில் சிகிச்சை பெற்ற மனைவியைப் பார்க்க வந்து சில வாரங்கள் தங்கியதன் விளைவு அந்நூல்.

இந்த நடையை எல்லாரும் விரும்பினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1880 முதல் 1882 வரை இரண்டு குளிர்காலங்களை நோயாளியாக டாவோசில் கழித்தார். அந்த நாவலை எழுதி முடித்ததும் அங்கேதான். டாவோசின் குளிர்காலத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் பள்ளத்தாக்கைச் சிறைக்கு ஒப்பிடுகிறார். பனி அகற்றப்பட்ட சில சாலைகளையும் ஒற்றையடிப் பாதையையும் விட்டு நோயாளி விலக முடியாது. எங்கே திரும்பினாலும் அதே மனிதர்கள், அதே வெண்மை. இதைப் படித்தபோது எனக்குச் சற்றுக் குற்ற உணர்வாக இருந்தது. நான் நான்கு நாள் மகிழ்ந்து நடந்த அதே சரிவுகளில், வீடு திரும்புவோமா என்று தெரியாமல் எத்தனை பேர் நடந்திருப்பார்கள்!

மலைக்காற்று உண்மையில் காசநோயைக் குணப்படுத்தவில்லை என்பதையும் மாணவர்களுக்குக் கூறினேன். 1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் கோக் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதைக் கொல்லும் முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். ஓய்வும் நல்லுணவும் தூய காற்றும் சிலரைத் தாங்கிப் பிடித்தன. பலரைக் காக்க இயலவில்லை. மருந்து வந்த பிறகு சானடோரியங்கள் காலியாயின. ஊருக்கு மேலே ஷாட்சால்ப் சரிவில் 1900இல் திறக்கப்பட்ட பெரிய சானடோரியம் 1950களில் விடுதியாக மாறிவிட்டது. அதன் நீண்ட மாடங்கள் இன்றும் தெற்கு வெயிலை நோக்கியே நிற்கின்றன.

நோயாளிகளைத் தவிர வேறு நடைக்காரர்களும் இருந்தனர். மேரன் நகரில் பிரான்ஸ் டாப்பைனர் என்னும் மருத்துவர் 1890களில் மலைச்சரிவை ஒட்டி மேடுபள்ளம் குறைந்த ஒரு நடைபாதையைத் தம் செலவில் அமைத்தார். அன்று ஆஸ்திரியாவுக்கும் இன்று இத்தாலிக்கும் உரிய தாழ்வான, இதமான ஊர் அது. முழங்கால் வலியுள்ள மாமியாருக்கு டாவோசைவிட மேரன்தான் ஏற்றது என்று தோழியிடம் கூறியுள்ளேன். மறுபக்கம் துணிச்சல்காரர்கள். மெட்டா பிரெவூர்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி தம் சகோதரி மகனோடும் வழிகாட்டிகளோடும் 1874 ஜனவரியில் வெட்டர்ஹார்ன், யுங்ஃபிராவ் ஆகிய சிகரங்களில் ஏறினார். இசபெல்லா ஸ்ட்ராட்டன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1876 ஜனவரி 31இல் மோன் பிளாங்க் உச்சியை அடைந்தார். அச்சிகரத்தின் முதல் குளிர்கால ஏற்றம் அது. இருவரும் சறுக்குக்கட்டை இல்லாமல் காலால் ஏறியவர்கள். பெண்பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கும் பெற்றோர் இதைக் கவனிப்பாராக!

பனிச்சறுக்கு இவற்றுக்கெல்லாம் பின்னர் வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், காசநோயுற்ற மனைவியுடன் டாவோஸ் வந்திருந்தபோது, 1894 மார்ச் மாதத்தில் உள்ளூர்ச் சகோதரர்கள் இருவருடன் மலையைக் கடந்து அரோசா ஊருக்குச் சறுக்கிச் சென்றார். அதைப் பற்றி அவர் இதழில் எழுதிய கட்டுரை ஆங்கிலேயரின் ஆவலைத் தூண்டியது. 1934 டிசம்பரில் டாவோசில் சறுக்குவோரை மேலே இழுத்துச் செல்லும் கம்பிவட இயந்திரம் இயங்கத் தொடங்கியது. ஏறும் உழைப்பு நீங்கியதும் சறுக்கு பெருந்தொழிலாயிற்று; குளிர்கால ஆல்ப்ஸ் என்றாலே சறுக்கு என்றாயிற்று. இப்போது தாழ்வான இடங்களில் பனி குறைந்து வருவதால் பல ஊர்கள் மீண்டும் நடைபாதைகளை நம்பத் தொடங்கியுள்ளன.

தோழிக்கு ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். மூடப்பட்டது என்று பலகை வைத்த பாதையில் ஓரடிகூட வைக்கக் கூடாது. 1999 பிப்ரவரி 23இல் ஆஸ்திரியாவின் கால்ட்யூர் சிற்றூரின்மீது பனிச்சரிவு பாய்ந்தது. அங்கே 31 பேர் இறந்தனர். மறுநாள் அருகிலிருந்த வால்சூரில் மேலும் எழுவர். சறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அல்லர் அவர்கள். ஊருக்குள், வீடுகளிலும் தெருக்களிலும் இருந்தவர்கள். டாவோசில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுவதும் அபாய நிலையை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு நாள்தோறும் அறிவிக்கிறது. காலையில் பசியாறும்போது அந்த எண்ணைக் கேட்டறிந்த பிறகே புறப்பட வேண்டும்.

பழங்காலத்தில் அப்படி அறிவிப்பார் யாருமில்லை. பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாயில், ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில், 11ஆம் நூற்றாண்டிலிருந்து துறவிகள் ஒரு சத்திரம் நடத்தி வருகின்றனர். வணிகர்களும் உரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரிகர்களும் குளிர்காலத்திலும் அக்கணவாயைக் கடந்தனர். புதைந்தவர்களைத் துறவிகளும் பணியாளர்களும் நாய்களும் தேடினர். பாரி என்னும் நாய் 40க்கும் மேற்பட்டோரைக் காத்ததாகச் சொல்லப்படுகிறது. 1814இல் இறந்த அதன் உருவம் பெர்ன் அருங்காட்சியகத்தில் உள்ளது. படங்களில் அந்நாய்களின் கழுத்தில் தொங்கும் மதுப்பீப்பாய் மட்டும் ஓவியர் எட்வின் லேண்ட்சியர் 1820இல் தீட்டிய படத்தால் பரவியது. இதைக் கூறும்போது பின்வரிசை மாணவியைப் பார்த்துக்கொண்டேன். இம்முறை நான் முந்திக்கொண்டேன்.

இனி, நான் அந்தத் தேடலில் எதிர்பாராமல் கண்டதைச் சொல்ல வேண்டும். பாத்ருட்டின் ஆங்கிலேயர்கள் வெயில் காய்ந்த அதே காலத்தில், அதே மலைகளில், சிறுவர் சிறுமியர் வரிசையாக நடந்துகொண்டிருந்தனர். 'சுவாபியக் குழந்தைகள்' என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. டிரோல், ஃபோரார்ல்பெர்க், டாவோஸ் அமைந்துள்ள கிரௌபுண்டன் ஆகிய பகுதிகளின் ஏழைப் பள்ளத்தாக்குகளைச் சேர்ந்தவர்கள். வீட்டில் உணவு போதாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில், கணவாய்களில் பனி கிடக்கும்போதே, பெரியவர் ஒருவரின் துணையோடு புறப்படுவார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் உண்டு. 1,793 மீட்டர் உயரமுள்ள ஆர்ல்பெர்க் கணவாயைப் பலர் கடந்தனர். இரும்புப் பற்களும் இல்லை, களிம்பும் இல்லை. கிழிந்த காலணிகளும் கந்தல் சுற்றிய கால்களும்தான். நாட்கணக்கில் நடந்து செர்மனியின் ராவென்ஸ்பர்க் போன்ற ஊர்களின் சந்தையை அடைவார்கள். அங்கே பண்ணைக்காரர்கள் வந்து பிள்ளைகளைப் பார்த்து, பேரம் பேசி, மாடு மேய்க்கவும் வீட்டு வேலைக்கும் அழைத்துச் செல்வார்கள். நவம்பரில் புனித மார்ட்டின் நாள் வரை வேலை. கூலியாகச் சிறிது பணம், புதிய உடை, காலணி. ஆண்டுதோறும் இப்படிச் சென்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். இவ்வழக்கம் 17ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. 1884இல் ஆர்ல்பெர்க் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்ட பின் பலருக்கு நடை குறைந்தது, வேலை குறையவில்லை.

இதையும் வகுப்பில் கூறினேன். வகுப்பில் இருந்தவர்களுக்குப் பதினொரு வயது. நிலப்படத்தில் டிரோலிலிருந்து ராவென்ஸ்பர்க் வரை ஒரு மாணவன் விரலால் கோடிழுத்துப் பார்த்தான். பந்தயத்தைப் பற்றிக் கேட்ட அதே மாணவிதான் மீண்டும் கையை உயர்த்தினாள்.

"அவங்க டீச்சருங்க ஒன்னும் சொல்லலியா?"

இதற்கு மட்டும் என்னிடம் சான்றுள்ள விடை இருந்தது. அந்த மலைப் பகுதிகளில் பள்ளி பெரும்பாலும் குளிர்காலத்தில் மட்டுமே நடந்தது. கோடைக்கால வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் வேலை செய்த வுர்ட்டெம்பெர்க் நாட்டிலோ கட்டாயக் கல்விச் சட்டம் இருந்தும், வெளிநாட்டுப் பிள்ளைகளை அது 1921 வரை சேர்த்துக்கொள்ளவில்லை. பண்ணைக்காரரின் சொந்தப் பிள்ளை காலையில் பையோடு பள்ளிக்குப் போகும். வேலைக்கு வந்த பிள்ளை மாட்டை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போகும்.